நம் இயக்குநரை நாம் விமர்சிப்பது எப்படி?
பா.இரஞ்சித்தின் திரைப்படங்களை முன்வைத்து



மறைந்த நம் தோழரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு, பா.இரஞ்சித்தின் படங்களைத் தலைப்பாக எடுத்திருக்கிறேன். நிலம், கல்வி, இடஒதுக்கீடு என்று பேச எவ்வளவோ இருக்க சினிமா எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் பிள்ளைகள் அம்பேத்கரைப் பற்றி முதலில் கேள்விப்படும் இடங்களில் ஒன்றாக இன்று சினிமா இருக்கிறது. அதனால் அதைப் பற்றிப் பேசுவதும் நம் வேலைதான்.

2012 முதல் 2024 வரை இரஞ்சித் இயக்கிய முழுநீளப் படங்கள் ஏழு: அட்டகத்தி (2012), மெட்ராஸ் (2014), கபாலி (2016), காலா (2018), சார்பட்டா பரம்பரை (2021), நட்சத்திரம் நகர்கிறது (2022), தங்கலான் (2024). இந்த ஏழும் ஒரே தரத்தில் இல்லை. அட்டகத்தி, மெட்ராஸ், சார்பட்டா மூன்றையும் முழு மனதோடு ஏற்கிறேன். காலாவைச் சில தயக்கங்களோடு ஏற்கிறேன். கபாலியும் நட்சத்திரம் நகர்கிறதும் எனக்குப் பாதிப் பாதி. தங்கலான் என்னை ஏமாற்றியது. உங்கள் வரிசை வேறாக இருக்கலாம். வரிசையை விட முக்கியமான ஒரு கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். இந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது? அதைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசலாமா?

பேசத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 2019 ஜூனில் திருப்பனந்தாளில் நடந்த கூட்டத்தில் இராசராச சோழன் ஆட்சியில் நிலம் யாரிடமிருந்து யாரிடம் போனது என்று இரஞ்சித் பேசினார். அதற்காக அவர்மீது வழக்குப் பதிவானது. முன்பிணைக்காக அவர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. ஒரு வரலாற்றுக் கருத்துக்கே இந்த நிலை என்றால், அவருடைய படத்தில் இன்ன குறை என்று நாம் எழுதும் ஒரு வரி எதிராளியின் கைக்கு ஆயுதமாகப் போகும் என்ற பயம் நியாயமானது. அதனால் மேடையில் பாராட்டுகிறோம், டீக்கடையில் முணுமுணுக்கிறோம். விளைவு என்ன? அவரைப் பற்றிய பொது விமர்சனம் இரண்டு கூட்டத்தாரின் கைக்குப் போய்விட்டது. 'சினிமாவில் எதற்குச் சாதி?' என்று கேட்பவர்கள் ஒரு பக்கம், எதைச் சொன்னாலும் கொதிக்கும் ரசிகர்கள் மறுபக்கம். இருவருக்கும் நடுவில், படத்தைப் படமாகப் பார்த்து அக்கறையோடு பேசும் இடம் காலியாகக் கிடக்கிறது. அந்த இடம் நம்முடையது.

சேரியில் இயல்பாக வாழ்கிறவர்கள்

முதலில் அவர் செய்ததைச் சரியாக அளந்துகொள்வோம். அவருக்கு முந்தைய தமிழ்ச் சினிமாவில் சேரிக்காரர் பெரும்பாலும் மூன்று விதமாகத்தான் வந்தார். சிரிக்க வைப்பார், கத்தி எடுப்பார், அல்லது மேல்சாதி நாயகன் வந்து காப்பாற்றும் வரை அழுதுகொண்டிருப்பார். அட்டகத்தி இந்த மூன்றையும் விட்டுவிட்டது. சென்னைப் புறநகரில் ஒரு பையன். பேருந்தில் ஏறுகிறான், பெண்களைப் பார்க்கிறான், காதலிப்பதாக நினைத்துக்கொள்கிறான், தோற்கிறான், மறுநாள் சாப்பிட உட்காருகிறான். அவன் வீட்டில் மாட்டுக்கறி வேகிறது. அதைக் கேமரா அதிசயமாகவும் காட்டவில்லை, மறைக்கவும் இல்லை. தோற்ற காதலுக்காகச் சாகாமல் அசடு வழிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பும் உரிமை நம் பையனுக்கும் உண்டு என்று சொன்ன படம் அது.

அந்தப் படம் வந்தது 2012 ஆகஸ்ட் 15. அதே ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. ஒரு சாதி மறுப்புத் திருமணம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. அதையொட்டி 'நாடகக் காதல்' என்ற சொல் நம் இளைஞர்கள்மீது எறியப்பட்டது. அட்டகத்தியின் விளையாட்டுத்தனமான காதலுக்கும் அந்தத் தீக்கும் இடையே மூன்று மாத இடைவெளிகூட இல்லை. பத்தாண்டு கழித்து வந்த நட்சத்திரம் நகர்கிறது, காதலைப் பற்றி வாதம் செய்தே தீர வேண்டிய படமாக இருக்கிறது. இரஞ்சித்தின் படங்கள் ஏன் கனத்துப்போயின என்று கேட்பவர்கள் இந்தப் பத்தாண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மெட்ராஸ் படத்தில் ஒரு சுவர் இருக்கிறது. வடசென்னையின் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புக்கு நடுவே நிற்கும் அந்தச் சுவரில் யார் முகத்தை வரைவது என்பதற்காகக் கொலைகள் விழுகின்றன. கட்சிகள் சேரியை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதில் சாகிறவர்கள் யார் என்பதை ஒரு சுவரை வைத்தே அந்தப் படம் விளக்கிவிடுகிறது. நாயகன் காளி கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறான், கால்பந்து ஆடுகிறான், 'தீண்டாத வசந்தம்' நாவலைக் கையில் வைத்திருக்கிறான். யாரும் அவனுடைய சாதியைச் சொல்வதில்லை. ஆனால் நமக்குத் தெரிகிறது. எனக்குத் தெரிந்தவரை, சமூகவியல் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடத்தை இவ்வளவு எளிதாகச் சொன்ன தமிழ்ப் படங்கள் குறைவு.

சார்பட்டா பரம்பரையும் அப்படித்தான். நெருக்கடி நிலைக் காலம். 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்படுகிறது. அந்த அரசியல் குத்துச்சண்டை மேடைக்கே வந்து நிற்கிறது. கபிலன் வெல்லப் போகும் நேரத்தில் நாற்காலிகள் பறக்கின்றன, அவன் ஆடை உருவப்படுகிறது. நம்மவன் ஜெயிக்கலாம், ஆனால் ஜெயிப்பதை ஊர் பார்க்கக் கூடாது என்ற சாதி விதியை அந்தக் காட்சி வசனம் இல்லாமலே காட்டிவிடுகிறது. இரண்டாம் பாதியில் கபிலனின் சாராய வீழ்ச்சியும் மீட்சியும் அவசரமாக ஓடுவது உண்மை. இருந்தாலும் சில நிமிடங்களே வரும் டான்சிங் ரோஸ் வரைக்கும் ஒவ்வொருவருக்கும் அங்கே ஓர் உடல்மொழி இருக்கிறது, ஒரு மானம் இருக்கிறது.

இந்த மூன்று படங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அரசியல் அங்கே தெருவிலிருந்து, வீட்டிலிருந்து, விளையாட்டிலிருந்து எழுகிறது. பாத்திரங்கள் தங்களுக்காகப் பேசுகிறார்கள். ஒட்டுமொத்தச் சமூகத்துக்காகப் பேச வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

ஒருவர் தோளில் எல்லோருடைய சுமை

கொபேனா மெர்சர் என்ற கறுப்பின விமர்சகர் 1990இல் பிரிட்டனின் கறுப்பினக் கலைஞர்களைப் பற்றி எழுதும்போது 'பிரதிநிதித்துவத்தின் சுமை' என்ற கருத்தை விளக்கினார். ஒடுக்கப்பட்டவர்களுக்கு மேடை அரிதாகக் கிடைக்கிறது. கிடைத்த ஒருவர் எல்லோருக்காகவும் எல்லாவற்றையும் பேசிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அடுத்த வாய்ப்பு வருமோ வராதோ என்ற பதற்றத்தில் அவரும் எல்லாவற்றையும் ஒரே படைப்பில் திணிக்கிறார்.

ஆதிக்கச் சாதி இயக்குநர் ஒருவர் ஏழு படம் எடுத்தால், அவருடைய சாதி அவற்றில் சரியாகக் காட்டப்பட்டதா என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. ஒன்று ஓடும், ஒன்று ஓடாது, அவ்வளவுதான். இரஞ்சித்தின் படம் வந்தால் அம்பேத்கர் இருந்தாரா, புத்தர் இருந்தாரா, நீலம் இருந்ததா, நிலம் பற்றிப் பேசினார்களா, அயோத்திதாசர் வந்தாரா என்று நாமே பட்டியல் போடுகிறோம். இருந்தால் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டலும் அடுத்த படத்தின் திரைக்கதையை எழுதுகிறது. அவருடைய படங்களின் ஏற்ற இறக்கத்தில் பார்வையாளர்களுக்கும் பங்கு உண்டு.

நட்சத்திரத்தின் விலை

சந்தை இன்னொரு சுமை. கபாலியில் ரஜினிகாந்த் சிறையில் 'மை ஃபாதர் பாலய்யா' படிக்கிறார். கோட்டு சூட்டு போடுவதன் அரசியலைப் பேசுகிறார். மலேசியத் தோட்டத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்களைப் பற்றிய கதை அது. இவ்வளவும் ஒரு பெரும் வணிகப் படத்துக்குள் நுழைந்ததே சாதனைதான். ஆனால் நாயகனை மலையாகக் காட்ட வேண்டிய கட்டாயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் பின்னணிக்குப் போய்விட்டார்கள். எஞ்சியது இரு கும்பல்களின் துப்பாக்கிச் சண்டை.

காலா இந்தச் சிக்கலை மேலும் நன்றாகக் கையாண்டது. தாராவியின் நிலமே அங்கே கதை. நாயகன் விழுந்த பிறகும் மக்கள் எழுகிறார்கள். கறுப்பும் சிவப்பும் நீலமும் திரையை நிறைக்கின்றன. காவலர்கள் ஆடையை உருவியபோது ஆடையை எடுக்காமல் தடியை எடுக்கும் புயல் சாருமதியை மறக்க முடியாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. பதின்மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். மே 30இல் அங்கே போன ரஜினிகாந்த், சமூக விரோதிகள் ஊடுருவினார்கள் என்றும், எதற்கெடுத்தாலும் போராடினால் தமிழ்நாடு சுடுகாடாகும் என்றும் கருத்துச் சொன்னார். அடுத்த வாரம், ஜூன் 7இல், 'நிலம் எங்கள் உரிமை' என்று முழங்கும் காலா திரைக்கு வந்தது. திரையில் நமக்காகப் போராடிய அதே முகம், திரைக்கு வெளியே போராட்டத்தைப் பழித்தது. இது இயக்குநரின் குற்றம் இல்லை. நட்சத்திரத்தின் தோளில் ஏற்றி அனுப்பும் அரசியலுக்கு அந்த நட்சத்திரம் பொறுப்பேற்காது என்பதை மட்டும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊருக்கு வந்த கேமரா

புதுச்சேரிக்காரர்கள் என்ற முறையில் நமக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. கபாலி தன் மனைவியைத் தேடி வருவது நம் ஊருக்கு. நட்சத்திரம் நகர்கிறது படத்தின் நாடகக் குழு ஒத்திகை பார்ப்பதும் நம் ஊரில்தான். இரண்டிலும் புதுச்சேரி அடைக்கலம் தரும் ஊர். வெளியூரின் சாதியை வாசலில் விட்டுவிட்டு வந்து மூச்சு விடக்கூடிய இடம்.

இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள மஞ்சள் சுவர்களை வைத்து இந்த ஊரை அளக்க முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் பட்டியல் சாதியினர். அவர்களுடைய தெருக்கள் அந்தச் சுவர்களுக்கு வெகு தொலைவில் இருக்கின்றன.

நாயகியின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் வைத்த பெயர் தமிழ். அவள் வைத்துக்கொண்ட பெயர் ரெனே. பிரெஞ்சில் அந்தப் பெயருக்கு மறுபடி பிறந்தவள் என்று பொருள். பெயரை மாற்றி மறுபடி பிறக்கும் முயற்சி இந்த மண்ணில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதிய பிரெஞ்சு ஆணை, இந்துச் சட்டம் போன்ற சொந்தச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வர வழி செய்தது. துறந்தவர்கள் புதிய குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். ரெனோன்சான் என்று அழைக்கப்பட்ட அவர்களில் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நிறைய. சட்டம் மாறினால் சாதி போகுமா, பெயர் மாறினால் தெரு மாறுமா என்ற கேள்விகளை நம் முன்னோர் நூறாண்டுக்கு முன்பே வாழ்ந்து பார்த்தார்கள். ரெனேயை இந்த ஊரில் நிறுத்திய படம் இந்த வரலாற்றைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் அவளுடைய வாதங்களில் பாதியை ஊரே பேசியிருக்கும்.

ஆனாலும் அந்தப் படத்தை நான் முழுதாகத் தள்ள மாட்டேன். தலித் பெண் ஒருத்தி, அழாமல், யாருடைய இரக்கத்தையும் கேட்காமல், தன் காதலையும் தன் இசை ரசனையையும் தன் கோபத்தையும் வைத்துக்கொண்டு படத்தின் நடுவில் நிற்கிறாள். குடிபோதையில் அத்துமீறும் அர்ஜுனைக் குழுவிலிருந்து வெளியேற்றுவதா, மாற வாய்ப்புக் கொடுப்பதா என்ற விவாதம் நம் அமைப்புகளுக்குள்ளும் நடக்கும் விவாதம். ரெனே அவனை இருக்க விடுகிறாள். அந்த முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. பாதிக்கப்பட்டவளே குற்றவாளிக்குப் பாடம் நடத்தும் பொறுப்பையும் சுமக்க வேண்டுமா? ஆனால் இந்தக் கேள்வியை எழுப்பியதற்காக அந்தப் படத்துக்கு நன்றி சொல்கிறேன்.

தங்கத்தைத் தேடியதில் விட்டுப்போனது

தங்கலான் மீதான ஏமாற்றம் வேறு வகை. வட ஆற்காட்டுப் பறையர்கள் வெள்ளைக்காரத் துரையோடு கோலார் நோக்கிப் போகும் கதை. பூர்வகுடி, பௌத்தம், நிலப்பறிப்பு, வைணவத்துக்குப் போனவரின் நிலை என்று எத்தனையோ அடுக்குகள். பெண்கள் முதன்முதலாக இரவிக்கை அணிந்து மகிழும் காட்சி ஒன்றே போதும், வரலாற்றை உடலின் வழியே சொல்வதில் இரஞ்சித்தின் திறமை தெரிய. ஆனால் படம் பெருமளவு மாயத்துக்குள்ளும் கனவுக்குள்ளும் போய்விட்டது. என்ன நடக்கிறது என்று பின்தொடரவே பார்வையாளர் திணறினார்.

தொன்மத்தைக் கையாளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆதிக்கச் சாதிகளுக்குப் புராணம் இருக்கும்போது நமக்கும் வேண்டும் என்ற வேட்கை புரிகிறது. ஆனால் கோலாரில் நம்மவர்களுக்குப் பதிவான வரலாறே அதிசயமாக இருக்கிறது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அந்தச் சுரங்கங்களுக்கு வந்தது. தமிழ்நாட்டின் வடமாவட்டங்களிலிருந்து போன நம் மக்கள் பூமிக்கடியில் உழைத்தார்கள். மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கக் கிளை நடந்தது. அயோத்திதாசர் தொடங்கிய 'தமிழன்' இதழை அவருக்குப் பிறகு 1920களில் அப்பாதுரையார் கோலாரிலிருந்து நடத்தினார். சுரங்கத் தொழிலாளி இரவில் இதழ் படிக்கிறார், சங்கம் கட்டுகிறார், மதம் மாறுகிறார். தங்கலானின் தங்கத்தை விட இது எனக்குப் பெரிய புதையலாகத் தெரிகிறது. படம் இதற்கு முந்தைய காலத்தோடு நின்றுவிடுகிறது. அடுத்து யாராவது இதை எடுக்க வேண்டும்.

நமக்குள்ளேயே விடுபட்டவர்கள்

பெண்கள் விஷயத்திலும் என் மனம் இரண்டாகத்தான் இருக்கிறது. காலாவின் செல்வி, சார்பட்டாவின் மாரியம்மா, தங்கலானின் கங்கம்மா ஆகியோர் உயிருள்ளவர்கள். கணவனை அதட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஆசைப்படுகிறார்கள். ஆனால் மாரியம்மாவின் வாழ்க்கை கணவனின் வீழ்ச்சியையும் எழுச்சியையும் சுற்றியே நகர்கிறது. கபாலியின் குமுதவல்லி பாதிப் படத்துக்கு நினைவாகவே இருக்கிறாள். தங்கலானின் ஆரத்தி மண்ணைக் காக்கும் மாயசக்தி. உயிருள்ள பெண்ணுக்குக் கதையில் இடம் குறையும்போது நினைவும் தெய்வமும் அந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன.

இன்னொன்றையும் நம் அவையில்தான் சொல்ல முடியும். அவர் இயக்கிய படங்களின் மையம் பெரும்பாலும் வட தமிழகத்து, அதிலும் சென்னைச் சேரி வாழ்வு. அருந்ததியரும் புதிரை வண்ணாரும் அங்கே மையத்துக்கு வரவில்லை. எல்லோரையும் அவரே காட்ட வேண்டும் என்று கேட்டால் மீண்டும் அதே சுமையை அவர் தோளில் ஏற்றுகிறோம். ஆனால் அவர் காட்டியதையே முழுத் தலித் வாழ்வு என்று நாம் சொன்னால், நமக்குள் இருப்பவர்களையே நாம் மறைக்கிறோம்.

இதற்கு ஒரு விடையை இரஞ்சித்தே தயாரிப்பாளராகத் தந்திருக்கிறார். பரியேறும் பெருமாள், இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு, ரைட்டர், சேத்துமான் எல்லாம் அவர் தயாரித்தவை. அந்த நால்வரும் நான்கு நிலங்களிலிருந்து நான்கு விதமாகப் பேசினார்கள். அவருடைய இயக்கத்தை விடவும் இந்தக் கதவைத் திறந்ததுதான் நீண்ட நாள் நிற்கும் என்று நினைக்கிறேன். பேச இன்னும் பலர் வரும்போது, ஒருவரே எல்லாவற்றையும் பேச வேண்டிய கட்டாயம் குறையும். அவருக்கும் மறுபடி ஓர் அட்டகத்தி எடுக்கும் சுதந்திரம் கிடைக்கும்.

உள்ளிருந்து வரும் விமர்சனம்

அமெரிக்கக் கறுப்பின இயக்குநர் ஸ்பைக் லீ 1986இல் எடுத்த 'ஷீஸ் காட்டா ஹேவ் இட்' படத்தைக் கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் கடுமையாக விமர்சித்தார். சுதந்திரமான ஒரு பெண்ணை நாயகியாக்கிவிட்டு, அவள்மீது நடக்கும் வன்புணர்வைப் படம் கையாண்ட விதத்தை அவர் ஏற்கவில்லை. வெள்ளை இனவாதிகளுக்கு இது தீனியாகுமே என்று அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. பல ஆண்டு கழித்து ஸ்பைக் லீயே அந்தக் காட்சிக்காக வருந்தினார். உள்ளிருந்து வந்த விமர்சனம் கலைஞனையும் சமூகத்தையும் அழித்துவிடாது என்பதற்கு இது சாட்சி.

எதிராளியின் விமர்சனத்துக்கும் நம் விமர்சனத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது எளிது. அவர்கள் இந்தப் படங்கள் வந்திருக்கவே கூடாது என்கிறார்கள். நாம் இன்னும் நன்றாக வந்திருக்கலாம் என்கிறோம். அவர்கள் சாதியைப் பேசியது குற்றம் என்கிறார்கள். நாம் சாதியை இன்னும் நுட்பமாக, இன்னும் பலருடைய கண்ணால் பேச வேண்டும் என்கிறோம். இந்த வேறுபாடு தெளிவாக இருக்கும்வரை நம் சொல்லை யாரும் திருடிக்கொண்டு போக முடியாது.

அதனால் இந்த அரங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, இயக்குநரைத் தலைவராக்கி வணங்குவதையும், ஒரு படம் சரியில்லை என்றதும் அவரைக் கைவிடுவதையும் நிறுத்துவோம். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக எடைபோடுவோம். இரண்டு, நம் குடியிருப்புகளில் இந்தப் படங்களைத் திரையிட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசுவோம். முதலில் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் பேசட்டும், நாம் கடைசியில் பேசலாம். மூன்று, அந்தப் பேச்சை எழுதி அச்சிடுவோம். ஏழு படங்களைப் பற்றிச் சேரி என்ன நினைத்தது என்ற பதிவு நம்மிடம் இல்லாவிட்டால், நாளைய ஆய்வாளர் பத்திரிகை விமர்சனங்களை மட்டும் வைத்து நம் ரசனையை எழுதிவிடுவார்.

மறைந்த தோழருக்கு என் வணக்கம். உங்கள் மறுப்புகளைக் கேட்கக் காத்திருக்கிறேன்.

ஜெய் பீம்.